எள் வழிச் செலவு

காலிட்டி மாவு ஆலையில்
மூன்றாம் உருளை நின்று இருபத்தாறு நாள்.
உடைந்தது ஒரு தாங்கி,
இரு உள்ளங்கை சேர்த்தால் அடங்கும் அளவு.
கொன்யா நகரத்தில், நெஜ்தெத்தின் பட்டறையில்
அதன் தம்பிகள் எண்ணெய்த் தாளுக்குள் தூங்குகிறார்கள்.
மற்ற உதிரிகளும் சேர்த்து விலை
பதினோராயிரத்து நானூறு டாலர்.

யெஷிமெபெட்டிடம் பணம் இல்லாமல் இல்லை.
இரும்புப்பெட்டியில் பிர் நோட்டுகள்
ரப்பர் வளையத்துக்குள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன.
ரொட்டிக்கடைகள் கொடுத்தவை, ஓரமெல்லாம் மாவு.
இதைக் கொண்டு அடிஸ் அபாபாவில்
வழக்கு நடத்தலாம், கல்யாணம் முடிக்கலாம்.
ஜிபூத்தி எல்லையில் இது படம் போட்ட காகிதம்.
செல்லாக்காசு என்று சொல்லக் கூடாது.
செல்கிறது,
பாதி வழி.

வங்கியில் எள் விழ இடமில்லை.
கண்ணாடிக்குப் பின்னிருந்து தெனாக்னே சொன்னான்:
"உங்கள் எண் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு."
"இப்போது எந்த எண் ஓடுகிறது?"
பேனா மூடியைத் திருகினான்.
"மருந்து முதலில். அப்புறம் உரம். அப்புறம் எரிபொருள்."
"ரொட்டி?"
"ரொட்டி உள்ளூர்ச் சரக்குதானே அம்மா."

பதின்மூன்று மாத நாட்காட்டி அந்த ஊருக்கு.
காத்திருக்கக் கூடுதலாக ஒன்று தேவைப்படும் என்று
யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நெஜ்தெத் எழுதினான்
(அவனுடைய லிராவும் படியில் உருண்டுகொண்டிருந்தது):
"சகோதரி, இந்த விலை வெள்ளிக்கிழமை வரை.
அப்புறம் என் இரும்புக்காரன் என்ன சொல்வானோ."
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.
திறந்த இரும்புப்பெட்டியைப் படமெடுத்து அனுப்பினாள்.
அவன் ஒரு சிரிப்புக் குறி போட்டான்,
அரைமணி கழித்து அழித்துவிட்டான்.

வழி சொன்னது லாரிக்கார வுப்ஷெட்.
மெத்தெமாவில் பிர் கொடுத்து எள் வாங்கு.
மெர்சினில் அல்வாக்காரனுக்கு எள்ளை விற்றுவிடு.
அவன் லிராவை நெஜ்தெத் கையில் கொடுக்கட்டும்.
டாலர் எந்தக் கடலையும் தாண்ட வேண்டாம்.
சட்டத்தைக் கேட்டிருந்தால் இருமியிருக்கும்.
கேட்கவில்லை.

களத்துக்குப் போனால்
டயர் இறக்குமதிக்காரர் நிற்கிறார்,
மூக்குக்கண்ணாடிக்காரர் நிற்கிறார்,
குளியலறைக் குழாய் விற்கிற அண்ணன் தம்பி நிற்கிறார்கள்.
ஒருவருக்கும் எள் தெரியாது.
தெரிந்தவர்போல் எல்லோரும் கடித்துப் பார்த்தார்கள்.
விலை ஏறியது, இன்னும் ஏறியது,
விற்கப்போகும் விலையைத் தாண்டிப் போனது.
எள் காய்கிறது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்பார்கள்.
தெரிந்தேதான் காய்ந்தார்கள்.
அவள் ஏழு டன் எடுத்தாள், நஷ்டத்தை முதலிலேயே எழுதிவிட்டு.

செலவு என்ற சொல்லுக்குப்
பயணம் என்று பொருள் இருந்தது ஒரு காலத்தில்.
அப்படித்தான் செலவானது அவள் பணம்:
லாரியில், தார்ப்பாய்க்கு அடியில்,
துறைமுகத்தில் பதினோரு நாள் வெயிலில்,
பிறகு கப்பலில், உமி வாசத்தோடு.

மெர்சினில் பெத்ரி என்ற அல்வாக்காரன்
எள்ளை அளந்தான், பணத்தை எண்ணினான்,
நெஜ்தெத்திடம் அன்றைக்கே சேர்த்தான்.
இதைத் தமிழில் எழுதுகிற என்னை யாரும் நம்பப்போவதில்லை:
அல்வாக்காரன்
அல்வா கொடுக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு குறைந்தது.
நெஜ்தெத் பெட்டியை அனுப்பிவிட்டு
ரசீதின் அடியில் எழுதினான்: பாக்கி, அடுத்த முறை.
டாலரில் அசையாமல் நின்றது அந்தப் பாக்கி.
பிர்ரில் மட்டும் மாதாமாதம் வளர்ந்தது,
பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.

உருளை ஓடத் தொடங்கிய ஐந்தாம் வாரம்
தெனாக்னே போன் செய்தான்.
"உங்கள் எண் வந்துவிட்டது.
கேட்டது கிடைக்காது. மூவாயிரம்தான்.
இன்னும் தேவை இருக்கிறதா?"

யெஷிமெபெட் போனைக் காதிலிருந்து விலக்கி
ஆலைப் பக்கம் திரும்பினாள்.
இரண்டாம் உருளை
சுற்றுக்கு ஒரு தரம்
பல் கடிக்கிறது.

"இருக்கிறது" என்றாள்.