ஆலிவ் வளையம்

வங்கிக் கிளையை மூடிய அன்று
கண்ணாடித் தடுப்பை இரண்டு பேர் கழற்றி
வேனில் ஏற்றினார்கள்.
இருபத்தோரு வருஷம் அதன் பின்னால் உட்கார்ந்து
கிரிம்ஸ்பியின் சில்லறையை எண்ணியவள் நான்.
வயது நாற்பத்தெட்டு.
கைக்கு வந்தது முப்பத்தோராயிரத்து நானூறு பவுண்டு.
எண்ணத் தெரிகிறது.
அப்புறம் என்ன என்பதுதான் தெரியவில்லை.

குழாய் வேலையா, உனக்கென்ன பைத்தியமா
என்கிறாள் தங்கை லின்ஸி.
உண்மையைச் சொன்னால் இன்னும் சிரிப்பாள்:
ஜனவரியில் பாய்லர் நின்றுபோன இரவு
வந்தவன் பதினோரு நிமிஷம் இருந்தான்,
நூற்றெண்பது வாங்கினான்,
போகும்போது விசிலடித்தான்.
என் கவுண்டரை விட்டு எழும்போது
ஒருநாளும் நான் விசிலடித்ததில்லை.

மேஜையில் இரண்டு தாள்.
ஒன்று வழவழப்பு.
நீல வேன், நீலச் சட்டை, சிரிக்கும் தம்பதி.
ஐந்து வாரப் பயிற்சி, ஊரறிந்த பெயர்,
ஆறு அஞ்சல் எண்கள் எனக்கே எனக்கு.
அந்த எல்லைக்குள் எவர் வீட்டில் ஒழுகினாலும்
அது என் ஒழுகல்.
விலை இருபத்தாறாயிரம்.
வரும் ஒவ்வொரு நூறிலும் பன்னிரண்டு அவர்களுக்கு,
ஐந்து வருஷத்துக்கு;
இது மட்டும் பொடி எழுத்தில்.
பொடி எழுத்தைப் பிறருக்கு நீட்டியே பிழைத்தவள்,
முதலில் அதைத்தான் வாசித்தேன்.

மற்றது நகலின் நகல், ஓரம் கறுத்தது.
கல்லூரி. செவ்வாய், வியாழன், ஆறிலிருந்து ஒன்பது.
இரண்டு வருஷம்.
பகலில் யாராவது வேலைக்குக் கூட்டிப்போனால்தான்
சான்றிதழ்.
யார் கூட்டிப்போவார் என்று தாளில் இல்லை.

லிங்கனில் நீல வேன் ஓட்டும்
கெட்டில்பரோ என்பவரை அழைத்துக் கேட்டேன்.
"நல்ல வேலைதான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி,
"மணி அடித்துக்கொண்டே இருக்கும்.
மணி அவர்களுடையது.
முழங்கால் என்னுடையது."
அதற்குள் இன்னொரு மணி. வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கல்லூரியில் இலவச வகுப்பு.
எல்லாம் பதினேழு வயதுப் பையன்கள்.
எவனுக்கோ அம்மா என்று நினைத்து
பெற்றோர் காத்திருப்பது அந்த அறை என்றார்கள்.
சொல்லிக்கொடுத்த டானிக்கு இருபத்தாறு இருக்கும்;
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.
செம்புக் குழாயை வெட்டு, பிசிறை வழி,
நட்டைக் கோர், பிறகு இந்தப் பித்தளை வளையம்.
"இதற்குப் பெயர் ஆலிவ்."
தின்னலாமா என்றேன். ஒருவனும் சிரிக்கவில்லை.

இறுக்கினேன்.
நம்பிக்கை இல்லாதவள் இறுக்குவதுபோல்
மேலும் இறுக்கினேன்.
தண்ணீரைத் திறந்துவிட்டாள்.
மூட்டின் அடியில் ஒரு துளி
யோசித்தது, பருத்தது, விழுந்தது.
டானி ஒன்றும் சொல்லாமல்
வளையத்தைச் சின்ன ரம்பத்தால் அறுத்தெடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
நசுங்கியிருந்தது.
ஒருமுறை கவ்வியது மறுமுறைக்கு உதவாதாம்.
புதிது பதினெட்டு பென்ஸ்.

மூன்றாவது கசியவில்லை.
கசியாத ஒன்றை
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்?
பஸ் போய்விட்டது.

ராத்திரி,
இருபத்தாறாயிரத்தைப் பதினெட்டு பென்ஸால்
வகுத்துப் பார்த்தேன். பழக்கதோஷம்.
ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் ஆலிவ்.
அத்தனை தப்பு செய்ய
எனக்கு ஆயுசு காணாது.

கறுத்த தாளில் கையெழுத்திட்டேன்.
வழவழப்பானதைத் தொட்டிக்கடியில் விரித்தேன்;
அது ஈரத்தை உறிஞ்சவில்லை.

திங்கட்கிழமை
அந்த ஜனவரி ரசீதைத் தேடி எடுத்து
எண்ணை அழுத்தினேன்.
மூன்று முறை யாரும் எடுக்கவில்லை.
நாலாவதில், காற்றிரைச்சலுக்கு நடுவே,
"எங்கே ஒழுகுது?" என்றான்.
"ஒழுகல" என்றேன்.
அதற்குமேல் சொல்லவேண்டியதை
ஒத்திகை பார்த்திருக்கவில்லை.