மூன்று கால் எழுத்து

முக்கூடல் தாண்டி மினிபஸ் திரும்புகிற இடத்தில்
ரேஷன் கடைச் சுவரில் அட்டையை மாட்டினேன்.
ஆறு மீட்டர் நூல் பிடித்துச் சாக்பீஸால் ஒரு கோடு.
கோட்டில் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி,
அந்த மூன்று கால் எழுத்து
எந்தப் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று
கையால் காட்ட வேண்டும்.
படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அதே எழுத்துதான்.

முதல் நாள் மதியத்துக்குள்
ஊர் முழுக்கப் பார்வை பிரமாதமாக இருந்தது.
சந்தேகம் தட்டியது.
வேடிக்கை பார்த்த பிள்ளைகள்
மேலே, வலது, கீழே, வலது என்று மனப்பாடம் செய்து
தெருவுக்கே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
அட்டையைத் தலைகீழாக மாட்டினேன்.
பெரிய எழுத்து அடியில் போனது.
அதற்குப் பிறகுதான் கணக்கு தொடங்கியது.

மாடக்கண்ணுவுக்கு வலது கண் பால் மாதிரி.
எட்டு மாசத்துக்கு முன்னால் கேட்டபோது
கார் அறுப்பு முடியட்டும் என்றாராம்.
இப்போது பிசானம் முடியட்டும் என்கிறார்.
"ஆபரேசன் இலவசம்தாம்மா.
கூட வந்து ரெண்டு நாள் உக்காருத ஆளு
இலவசமா கெடைக்கானா?"

ஞானக்கனிக்கு இருபத்து மூன்று வயது, மைனஸ் நாலரை.
பெண்பார்க்க வந்த அன்று
கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டார்கள்.
காபித் தட்டோடு நடந்ததை மட்டும் சொன்னாள்:
வாசலிலிருந்து பாய் வரைக்கும் ஒன்பது எட்டு.
மாப்பிள்ளை எப்படி?
"நல்லா இருந்தாவன்னு அம்மா சொன்னா."

மைமூன் வீட்டில் ஒரே கண்ணாடி,
காலையில் மதினிக்கு, விளக்கு வைத்த பிறகு இவளுக்கு.
ஒரு காலை நூலால் கட்டியிருந்தார்கள்.
படிவத்தில் வயது கேட்டிருந்தது,
ஆணா பெண்ணா, படிப்பு, தொழில், சர்க்கரை,
கூரை ஓடா காங்கிரீட்டா,
பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்.
அரைக் கண்ணாடிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஆபீஸில் அழித்துவிடுவார்கள்.

நாற்பது தாண்டிய பெண்கள்
மடியில் முறத்தோடு வரிசையில் நின்றார்கள்.
தூரத்து எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் காட்டினார்கள்.
கையில் வைத்திருந்த பீடியின் நுனிதான் தெரியவில்லை.
"வெரலு பாத்துக்கிடும், கண்ணு எதுக்கு"
என்றாள் முப்பிடாதி.
பேசும்போதும் சுற்று நிற்கவில்லை.
இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு.
அந்தக் கடையில் கண்ணாடி போட்டிருக்கிறவர் செக்கர் ஒருத்தர்தான்.
தினமும் ஆயிரத்துக்கு நாற்பது
கழிவு என்று ஒதுக்குகிறார்.

நாலாவது நாள் கூட்டிப் பார்த்தேன்.
முன்னூற்றுப் பதினெட்டுப் பேர்.
மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலே.
வயது கூடக் கூட,
படிப்பு குறையக் குறைய,
பிறகு, பெண்ணாக இருந்தால்.
முப்பிடாதியிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.
"பொம்பளையா இருக்கதும் ஒரு காரணமா?
அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில கீறுதாவ?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்.

சோதனைச் சட்டத்தில்
ஒன்றே முக்கால் வில்லையைச் செருகி
அவள் மூக்கில் வைத்தேன்.
முறத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
விரலில் கத்தரி வெட்டு இருந்தது, அதையாவது.
இரண்டையும் பார்க்கவில்லை.
"ஏ பிச்சம்மா, உள்ள டிரங்குப் பெட்டியில
என் பாஸ்புக்கு கெடக்கு, எடுத்தா."

எடுத்து வந்தாள்.
மூன்றாவது வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம்,
ஆனால் எண் தெரியும்.
வெயிலுக்கு நேராகப் பிடித்து
உதடு மட்டும் அசைய ஒவ்வொரு வரியாக இறங்கினாள்,
இலை எடை, சுற்றியது, கழிவு, பற்று,
அடியில் தன் கையெழுத்து.
ஒரு இடத்தில் நின்றாள்.
மேலே போய்த் திரும்ப வந்தாள்.
வரிசையில் யாரும் பேசவில்லை.

கடைசி மினிபஸ் ஹாரன் அடித்தது.
சட்டம் ஆபீஸ் சாமான், எண் போட்டது,
திரும்பக் கொடுத்தாக வேண்டும்.
கை நீட்டினேன்.
"பொறு பிள்ள" என்றாள் நிமிராமல்,
"இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

பஸ் போய்விட்டது.