பூ கருகிய ஆண்டு

விண்ணப்பப் படிவத்தில் துறை என்று ஒரு கட்டம்.
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
காடு என்று எழுதினேன்.
அலுவலகத்தில் அதை அடித்துவிட்டுப்
"பிற" என்று போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகளாக நான் பிற.
தாவரவியல் கட்டடத்தில் நுண்ணோக்கிக்கு வரிசையில் நின்றால்
வரலாற்றுக்காரி வந்துவிட்டாள் என்பார்கள்.
வரலாற்று நூலகத்தில் என் காலணியைப் பார்த்துத்
தாவரவியலா என்பார்கள்.
சேறு இரண்டு இடத்திலும் ஒரே சேறுதான்.

சாரி-ஜாங்காக்.
மலைச்சரிவு முழுக்க அக்ரூட் மரங்கள்.
ஏப்ரல் கடைசியில் பச்சைச் சடையாய்ப் பூ தொங்கும்.
ஒரே ஓர் இரவு உறைபனி இறங்கினால் போதும்,
விடிந்ததும் தேயிலைச் சக்கை மாதிரி கறுத்திருக்கும்.
அப்புறம் அந்தச் செப்டம்பரில்
வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் கூடாரம் போட
யாருக்கும் காரணமில்லை.

வானிலை நிலையத்தில் பழுப்பேறிய பேரேடு:
வைகறை வெப்பநிலை, ருஷ்ய மொழியில், ஊதா மையில்.
ஊராட்சி அலுவலகத்தில் இன்னொன்று:
மணமக்கள் பெயர், நாள், கையெழுத்து.
(பூட்டைத் திறக்க எழுத்தர் கேட்டது
இரண்டு பொட்டலம் தேயிலை.)
நாற்பத்தொரு ஆண்டுகள்.
இரண்டையும் அருகருகே ஒட்டினேன்.

பனி விழுந்த ஆண்டில்
கல்யாணமும் விழுந்திருந்தது.
காய் குலுங்கிய ஆண்டில் அக்டோபர் பக்கம் போதாமல்
ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்கள்.
அன்றிரவு விடுதிச் சமையலறையில்
அரைவேக்காட்டு மாக்கரோனியைத் தின்றபடி
தனியாகச் சிரித்தேன்.
ஒரு மகரந்தத் துகளுக்கும் ஒரு மணப்பெண்ணின் முக்காட்டுக்கும் நடுவே
கோடு போட்டிருக்கிறேன், நான், பிற.

கோடு ஓரிடத்தில் முறிந்தது.
தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகப் பூ கருகியிருந்தது.
ஒரு மூட்டை அக்ரூட்கூட இறங்கவில்லை.
கல்யாணம் மட்டும் முப்பத்தெட்டு.

விலகல் புள்ளி, நீக்கிவிடு என்றார் தலாந்த்பெக்.
அடிக்குறிப்பில் போடு என்றார் வேரா கென்ரிகோவ்னா.
ஒரே அறையில்
தனித்தனிக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சிக் குடிப்பவர்கள்.
அன்றுதான் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்,
அந்த ஆண்டு வேண்டாம் என்பதில்.

மினிபஸ் பிடித்துப் போனேன்.
முப்பத்தெட்டில் ஒருத்தி முகாத்தஸ்,
பேருந்து நிலையத்தில் கைப்பேசி பழுதுபார்க்கிறாள்.
திருகாணியை உதட்டில் கவ்வியபடியே பேசினாள்:

"முதல் வருஷம் கருகினப்ப, அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னாங்க.
ரெண்டாவது வருஷமும் அதையேதான்.
மூணாவது வருஷம் யார்கிட்டயும் காசில்லை.
ஆடு எத்தனை, கம்பளம் எத்தனைன்னு
கேட்க ஒருத்தருக்கும் வாய் வரலை.
எங்க மாமியாரே சொல்லிட்டாங்க, சூப் போதும், ரொட்டி போதும்னு.
இதைவிட மலிவா இனி நடக்காதுன்னு
இல்லாதப்பட்டவங்க எல்லாரும் ஒரே மாசத்துல முடிச்சுக்கிட்டோம்.
பக்கத்து வீட்டுச் சட்டியை வாங்கித்தான் சூப் வச்சோம்.
அந்தச் சட்டி பதினோரு கல்யாணம் பார்த்துச்சு."

திரும்பி வந்து
மரத்தைத் துளைத்து எடுத்திருந்த
பென்சில் பருமன் கட்டையை விளக்கடியில் வைத்தேன்.
அந்த ஆண்டின் வளையம் அகலமாக இருந்தது.
காய்க்க வேண்டியிராத மரம்
தனக்கென்று கொஞ்சம் பருத்திருக்கிறது.

புள்ளியை நீக்கவில்லை.
சுற்றி வட்டமிட்டு, சூப் என்று எழுதினேன்.
வாய்மொழித் தேர்வில் புள்ளியியல்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
இதற்கு அலகு என்ன?
சட்டி என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. பட்டம் கொடுத்தார்கள்.
சான்றிதழிலும் அதே கட்டம், அதே சொல்.

இன்று ஏப்ரல் இருபத்தேழு.
நள்ளிரவு தாண்டி முகாத்தஸிடமிருந்து குறுஞ்செய்தி:
இங்க ஒரு டிகிரி. இறங்கிட்டே இருக்கு.
பிறகு இன்னொன்று:
தங்கச்சிக்கு இன்னும் ஆகலை.