நான்கு விழுக்காடு

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் புழு.
ஒவ்வொன்றையும் இரு விரலிடையே பிடித்துக்
குளவியிடம் காட்ட வேண்டும்.
காட்டினால் போதும்,
ஊசி ஏறி இறங்கும்.
கண் சிமிட்டுவதற்குள் அறுபது முட்டை.
அடுத்தது.

பதினோரு வருடமாக இதுதான் ஜுசேலியாவுக்கு,
சாவோ பாவ்லோவிலிருந்து பேருந்தில் ஆறு மணி நேரம் தள்ளி,
ஆய்வகத்தின் பின்சுவர்வரை கரும்பு வந்து நிற்கும் ஓர் ஊரில்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
கல்யாணத் தரகு என்பாள்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று
நம் மொழியில் ஒரு பேச்சு உண்டு.
பாதிதான் சரி.
புழு குளவியாவதில்லை.
அறுபது பேருக்குத் தொட்டிலாகிறது,
பிறகு சோறு,
பிறகு வெறும் தோல்,
நொய்யரிசி அப்பியதுபோல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியபடி.

அந்த நொய்யரிசியைக் கோப்பைகளில் அள்ளி
வயலுக்குக் கொண்டுபோகிறவன் வல்தெசி.
முப்பத்தைந்து எட்டுக்கு ஒரு கோப்பை.
தோகையிடுக்கில் செருகி மூடியைத் திறப்பான்.
தண்டுக்குள் சுரங்கம் போட்டு அமர்ந்திருக்கும் புழுவை
அதன் எச்சத்தின் மணம் பிடித்துத் தேடிப் போகும்
கொசுவிலும் சிறிய ஒன்று.
ஆயுள் இரண்டு நாள்.
வழி தப்ப நேரமில்லை.

இந்த ஜனவரியில் வேரடியில் நுரை கட்டியது.
நுரைக்குள் வேறொரு பூச்சி.
அதற்கென்று ஆலைக்கு வந்தது புதுப் புட்டி,
பச்சை இலை படம் போட்டு.
வல்தெசி அதை வெனேனோ என்பான். விஷம்.
நாம்தான் மருந்து என்கிறோம்.

சோதனை எளிது.
கண்ணாடிக் குழாயின் உட்புறம் மருந்தைப் பூசி உலர்த்து.
அன்று விழித்த குளவிகள், ஆணும் பெண்ணுமாக நூறு, உள்ளே விடு.
மறுநாள் எண்ணு.

நான்கு செத்திருந்தன.
நான்கு என்று எழுதினாள்.
ஒத்தாசிலியோ கீழே கையெழுத்திட்டார்:
தீங்கற்றது.

மிச்சத்தைக் கொட்ட மனம் வரவில்லை.
பழைய வேலைக்கே வைத்தாள்.
புழுவைக் காட்டினாள்.
குளவி அதன்மேல் ஏறி நடந்தது.
உணர்கொம்பைத் துடைத்தது.
மறுபடி துடைத்தது.
மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர்
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படி.
பிறகு இறங்கி
அவள் நகத்தின்மேல் போய் நின்றது.
இவ்வளவு நேரம் எந்தப் புழுவையும் அவள் பிடித்திருந்ததில்லை.
புழு கடித்தது.

சில கொட்டத்தான் செய்தன.
பதினெட்டு நாள் கழித்துப் பிறந்தவை
அத்தனையும் ஆண்.
கூடாமல் இட்ட முட்டை அந்தக் குலத்தில் ஆணாகும்.
ஆணுக்கு ஊசி கிடையாது.

இதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டுபோனாள்.

"செத்ததா, இல்லையா?"
"இல்லை."
"பிறகென்ன?"

பிறகென்ன என்பதுதான் அவளிடமிருந்த கேள்வியும்.

செவ்வாய்க்கிழமை விமானம் வந்தது, மஞ்சள் நிறம்,
மின்கம்பிக்குச் சற்று மேலே.
துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தார்கள்.
நாய் குரைத்துவிட்டு உள்ளே போனது.
புகைபோல் இறங்கியது வயலில் மட்டும் இறங்கவில்லை.
தண்டுக்குள் இருந்தவனுக்கு
ஒரு துளி எட்டவில்லை.
அவன் தின்றுகொண்டிருந்தான்.
தின்ற வழியெல்லாம் உள்ளே சிவக்கும்.
ஆலை உருளையில் பிழியும்போதுதான் தெரியும்,
அப்போதும் சாறுக்கு இது நிறம், அவ்வளவே.

வியாழன் காலை முந்நூறு கோப்பை.
அட்டவணையில் இருந்தது, திறந்தான்.
மாலை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தான், காலியாக.
"எல்லாம் நன்றாகப் பறந்தன."

"எந்தப் பக்கம்?"

வல்தெசி சிரித்தான்.
குளவி எந்தப் பக்கம் போகும்,
போக வேண்டிய பக்கம்.

அவள் கைகழுவப் போனாள்.
நாளைக்கு இரண்டாயிரம்.
கடிபட்ட விரல் சோப்பில் எரிந்தது.