பார்க்கிங் சீட்டு

வாண்டா க்ரூப்பா இதுவரை பதினோரு முறை செத்திருக்கிறாள்.
நான்கு முறை மேடையில்,
ஏழு முறை என் மைக்குக்குக் கீழே.

பஃபலோ நகரத்துப் பனியில்
பிணமாகக் கிடப்பது லேசில்லை,
மூச்சு ஆவியாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.
வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு
நாற்பது வினாடி கிடந்தாள்.
அந்தப் படத்தை ராச்செஸ்டரில் ஒன்பது பேர் பார்த்தார்கள்.
பாதியில் எழுந்து போனவர்
தயாரிப்பாளர்.

நான் ஒலிப்பதிவாளன்.
பதினெட்டு வருஷத்தில் அவள் முகத்தைவிட
மூச்சை நன்றாக அறிவேன்.
அழப்போகும் முன் ஒரு மூச்சைப் பிடித்து
மனசுக்குள் இரண்டு எண்ணுவாள்.
பொய் சொல்கையில் மூக்கால் மட்டும்.
சம்பளம் எப்போது என்று கேட்கையில்
மூச்சே இருக்காது.

இருப்பது ஒரே பச்சைக் கோட்டு.
அதைப் போட்டுக்கொண்டே மூன்று படங்களில்
வங்கிக் கொள்ளைக்காரி,
பாதிரியாரின் தங்கை,
பேருந்தில் குழந்தையை மறந்துவிட்டு இறங்கியவள்.
பொத்தானை மாற்றித் தைத்தால் ஆள் மாறிவிடும் என்பாள்.
மாறினாள்.

நாடகம், பழைய சாசேஜ் தொழிற்சாலையில்.
ஜூலையில் சுவர்கள் இன்னும் பூண்டு வியர்க்கும்.
முதல் அங்கத்தில் நாட்டை இழந்த அரசன்
இடைவேளையில் கிரீடத்தோடு வந்து காபி விற்பான்,
சில்லறை சரியாகக் கொடுப்பான்.

செவ்வாய் இரவு நடிப்பு வகுப்பு:
பனி தள்ளும் லாரி ஓட்டும் ரெஜினால்டோ,
ஒரு பல் மருத்துவர்,
கணவனிடம் யோகா என்று சொல்லிவிட்டு வரும் மெர்லிஸ்.
வியாழன் காலை மருத்துவக் கல்லூரி.
மணிக்கு இருபத்திரண்டு டாலருக்கு
அவள் ஒருத்தியே நோயாளி, மனைவி, தாய்.
மாணவர்கள் அவளிடம்
கெட்ட செய்தி சொல்லிப் பழகுவார்கள்.

"முதல்ல உட்காரு.
கதவுப் பிடியில கை வச்சுக்கிட்டு சொல்லாதே.
வருந்துகிறோம்னு ஆரம்பிக்காதே,
அது ரயில் தாமதத்துக்கு."

மதியத்துக்குள் எட்டுத் தடவை அழுதுவிட்டு
முழு சாண்ட்விச்சையும் தின்பாள்.

மார்ச்சில் அவள் கார் கிளம்பவில்லை.
ஸ்கேன் முடிவு வாங்க நான்தான் ஓட்டிப் போனேன்.
டாக்டர் ஃபராஜ்,
மூன்று வருஷம் முன்பு வியாழக்கிழமைப் பையன்,
உள்ளே வந்து
கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றான்.

"உட்காருங்க, டாக்டர்."

உட்கார்ந்தான். காது சிவந்தது.
பிறகு எல்லாம் சரியாகச் செய்தான்:
பெயர் சொல்லி, நிறுத்தி,
சுற்றி வளைக்காமல் அந்த வார்த்தை.

பழக்கதோஷத்தில் நான் அவள் மூச்சுக்குக் காத்திருந்தேன்.
பிடிக்கவில்லை. எண்ணவில்லை.
கைப்பையைத் திறந்து துழாவி
கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினாள்.
"இதுக்கு எங்க முத்திரை போடுவாங்க?"

இரண்டாவது மாடி என்றான்.

காரில் அவளுக்கு வந்தது கோபம்.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, பனியே பெய்யவில்லை,
இருவருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை.
"எட்டு வருஷம், டெல்.
அறுநூறு பிள்ளைங்க.
அறுநூறு பேருக்கும் தப்பா அழுது காட்டியிருக்கேன்."

அடுத்த வியாழன் போனாள்.
பாடத்தைப் பதிவு செய்ய என்னையும் அழைத்திருந்தார்கள்.
ஒல்லியான ஒரு மாணவி,
முழங்காலில் முழங்காலை அழுத்திக்கொண்டு
செய்தியைச் சொல்லி முடித்தாள்.
வாண்டா கைப்பையைத் திறந்தாள்.
சீட்டு. முத்திரை. எங்கே?

மாணவி கையிலிருந்த தாளைப் புரட்டினாள்,
அதில் அது இல்லை.
கண்ணாடிக்குப் பின்னால் பேராசிரியரைப் பார்த்தாள்.
பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து,
"அந்த லிஃப்ட் குழப்பும், நானும் கூட வரேன்" என்றாள்.

அப்போது கேட்டது ஹெட்ஃபோனில்,
ஒரு மூச்சு நின்றது.
ஒன்று.
இரண்டு.
மூன்று வரை எண்ணிப் பார்த்துவிட்டு
ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.
பதிவாகியிருக்கும்.
வேண்டும் என்றால் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.