ஐந்து கிலோ கூழாங்கல்

காலை ஆறே முக்காலுக்கு ஹேங்கரில்
என்னை எடை போட்டார்கள்.
பூட்ஸோடு, ஜாக்கெட்டோடு, ஹெட்செட்டோடு
ஐம்பத்து நான்கு.

விமானி இருக்கைக்கு முன்னால் ஒட்டிய சிறு தகடு சொல்கிறது:
தனியே பறப்பவர்
ஐம்பத்தொன்பதுக்குக் குறையக் கூடாது.

ஐந்து கிலோ இல்லை நான்.

கிராம்வெல் ஊரில் செர்ரிக் கிடங்கொன்றில்
பதினோரு வருடமாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
எடை போடாதவர் யார் என்னை?
வங்கியில் கடன் பிரிவுக்காரர்,
விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல்,
டிசம்பர்தோறும் தோட்டத்து முதலாளி.
ஒருவரும் எண்ணைச் சொன்னதில்லை.
தகடு சொல்கிறது,
கோபமில்லாமல், முகம் பார்க்காமல்.

"தலைக்கனத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்றேன்.
ஃபெர்கஸ் சிரிக்கவில்லை.
என் மகனைவிட இரண்டே வயது மூத்தவன்,
கையெழுத்துப் போட்டால்
அவன் உரிமமும் சேர்ந்து பறக்கும்.
பென்சிலை விரல்மேல் கிடத்திக் காட்டினான்:
முன்னால் ஆள் லேசானால் வால் தாழும்,
மூக்கு நிமிரும்.
நிமிர நிமிரக் குச்சியை முன்னே தள்ளுவாய்.
ஒரு கட்டத்தில்
தள்ள இடமிருக்காது.

எல்லை என்றால்
யாரோ போட்ட கோடு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆற்றங்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்தேன்.
க்ளூதா நதியின் கற்கள், பச்சையும் சாம்பலும்,
கான்வாஸ் பையில் ஐந்தே கால் கிலோ.
மெக்கானிக் இஹாயா வாங்கி உலுக்கினான்.
கலகலத்தது.
"சத்தம் போட்டால் நகரும்.
நகர்ந்தால் அது எடையில்லை, வினை."
பழந்துணி திணித்து, வாய் தைத்து
இடது இருக்கைக்கு அடியில் பூட்டினான்.
டார்ச்சோடு ஏணியேறி
சுழலியின் கழுத்தைப் பார்த்தான், மறுபடி பார்த்தான்.
பறக்கத் தகுதி உண்டென்ற சான்றிதழ்
பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. பதிவேட்டில்
அடுத்த பரிசோதனைக்கு
இன்னும் ஒன்றரை மணிநேரம் மிச்சம்.
போதும்.

காற்றுதான் சம்மதிக்கவில்லை.
வடமேற்கிலிருந்து பதினெட்டு நாட்.
பள்ளியின் விதி பதினைந்து.
காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டே
ஆறிப்போன காபியோடு
கையேட்டைத் திறந்தேன்.

உயரமும் வேகமும் வரைந்த படம்.
அதில் சாம்பல் தீட்டிய ஒரு வயிறு.
அந்த உயரத்தில், அந்த மெதுவில்
எஞ்சின் நின்றால்
சுழலியைக் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

டிசம்பர் மழை விட்டதும் வருவார்களே,
மரங்களுக்கு மேலே நின்று நின்று நகர்ந்து
பழம் வெடிக்குமுன் ஈரத்தை ஊதித் தள்ள,
கீழே நின்று நாங்கள் கையசைப்போமே,
அத்தனை பேரும்
அந்தச் சாம்பலுக்குள்தான் நின்றிருக்கிறார்கள்.
ஒரு பெட்டிப் பழத்துக்கு.
தெரியாமல் கையசைத்திருக்கிறேன்
பதினோரு கோடை.

பத்து இருபதுக்குப் பை தொங்கியது.
ஃபெர்கஸ் இறங்கி, தன் பெல்ட்டை
ஆளில்லா இருக்கையின் குறுக்கே மாட்டி,
குனிந்தபடி நடந்துபோனான்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

இடதுகை மெல்ல மேலே.
பெடலில் கால் கூசியது.
தரை விட்டதா, நான் விட்டேனா,
ஒரு முழ உயரத்தில் தள்ளாடி
மூக்கு லேசாய் நிமிர்ந்து,
நின்றது.
குச்சிக்கு முன்னால் இன்னும் இடமிருந்தது.
நான்கு விரற்கடை.
கூழாங்கற்கள் பேசவில்லை.

சுற்று ஒன்று. ஆறு நிமிடம்.
ஏரி ஒரு பக்கம் சாய்ந்து நேரானது.
எங்கள் கிடங்கின் தகரக் கூரையில்
யாரோ மஞ்சள் வாளியை மறந்து வைத்திருந்தார்கள்.
எஞ்சின் நின்றால் எந்த வயல் என்று
தேடிக்கொண்டே வந்தேன். அழகைப் பார்த்தாயா
என்று பிறகு கேட்டார்கள்.
மூன்று வயல் பார்த்தேன், ஒன்றில் ஆடுகள்.

இறக்கியபோது வலது சறுக்குக்கட்டை முதலில் தொட்டது.
பதிவேட்டில் எழுதினேன்: புள்ளி ஒன்று,
தனியாக.

இஹாயா பையைக் கழற்ற வந்தான்.
அப்படியே இருக்கட்டும் என்றேன்.
நாளைக்கும் நான்
ஐம்பத்து நான்குதான்.