மூன்று கரண்டி உப்பு

அச்சகம் அனுப்பிய விலைத்தாள்
மேசையில் மூன்று வாரம் கிடந்தது.
அதன்மேல் காப்பிக் குவளைகளை வைத்தோம்.
எண்களைச் சுற்றி வட்டங்கள் விழுந்தன.
எண்கள் குறையவில்லை.

அறுநூற்றுப் பதினொரு சந்தாதாரர்கள்.
அதில் நாற்பத்து மூன்று பேர் காலமானவர்கள்.
அவர்கள் பெயரில் மனைவியோ மகளோ
ஆண்டு தவறாமல் காசோலை அனுப்புகிறார்கள்.
அக்குஷ்னெட் சாலையில்
எந்தத் தபால்பெட்டி யாருக்காக
இன்னும் வாய் திறந்திருக்கிறது என்று
முகவரி ஒட்டும் எனக்குத் தெரியும்.

"இணையத்தில் இவர்களுக்கு எப்படி அனுப்புவது?"
என்று கேட்டார் ஜெசுயீனோ.
பொருளாளர். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

நியூ பெட்ஃபோர்டில் அன்று உறைமழை.
ஐந்து பேரில் மூன்று கைகள் உயர்ந்தன,
ஒன்று என்னுடையது.
'லூமெ' என்றால் எங்கள் போர்ச்சுகீசில் நெருப்பு.
முப்பத்தோரு வருடம் அதைக்
காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தோம்,
காகிதம் பற்றிக்கொள்ளாமல்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்வது என் பங்கு.
எங்களிடமே முழுத் தொகுப்பு இல்லை;
தொண்ணூறுகள் முழுவதும்
நிலவறையில் புகுந்த தண்ணீரோடு போயின.
சுல்மீரா மெதெய்ரோஸ் தன்னுடையவற்றைக் கொடுத்தாள்,
இரண்டு மீன்பெட்டிகளில்.
கணினி
எண்ணெய்ச் சொட்டை முற்றுப்புள்ளி என்று படித்தது.
காய்ந்த மாவு வட்டத்தை
'ஓ' என்று வியந்தது.

தொண்ணூற்றேழு, குளிர்கால இதழ், பக்கம் பதினான்கு:
கீரை சூப். தொத்திறைச்சி. உருளைக்கிழங்கு.
உப்பு மூன்று கரண்டி.

ஒன்று என்றிருக்க வேண்டும்.
எழுத்துக் கோத்தவள் நான்தான்,
இருபத்து நான்கு வயது, அரைத்தூக்கம்.
அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்,
இறுதிச்சடங்கு நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கீழே,
இரண்டே வரி. யார் பார்ப்பார்கள்?

சுல்மீராவும் பார்க்கவில்லை.
அவள் பிரதியில் மூன்று அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.
ஓரத்தில் பென்சிலால்:
"கிழங்கு இன்னும் ஆறு. தண்ணீர் இரண்டு மடங்கு.
பெரிய பானை."
அதற்கும் கீழே, வேறொரு நாளின் கையெழுத்தில்:
"கீழ்வீட்டுக்கும்."

நான் ஒன்று என்று திருத்தி ஏற்றினேன்.
இருபத்தேழு வருடக் கடன்
ஒரே விசையில் தீர்ந்தது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி.
"இது யார் வீட்டு சூப்?" என்றாள் சுல்மீரா.
நான் விளக்கினேன்.
பிழை, பொறுப்பு, வருத்தம்.
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அல்லது
எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"ஒரு கரண்டி போட்டால் நாலு பேருக்குத்தான் வரும்.
அடல்ஜீசாவுக்கு என்ன சொல்லட்டும்?"

அடல்ஜீசா கீழ்வீட்டுக்காரி,
கேப் வெர்தேயிலிருந்து வந்தவள்,
மீன் வெட்டும் ஆலையில் இரவு வேலை.
நான் அவளைப் பார்த்ததே இல்லை.
வியாழக்கிழமை தோறும் என் தூக்கக் கலக்கத்தை
ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே,
கூடுதலாக இட்டவரையும் சேர்த்தா?

திரும்பவும் மூன்று என்றே போட்டேன்.
பென்சில் வரிகளையும் தட்டச்சினேன்,
"கீழ்வீட்டுக்கும்" உட்பட.
அதற்கு அளவு என்ன என்று
படிவத்தில் ஒரு கட்டம் கேட்டது.
காலியாக விட்டேன்.

ஜெசுயீனோ யாரிடமும் சொல்லவில்லை.
வீட்டு அச்சுப்பொறியில்
நாற்பத்து மூன்று பிரதி எடுக்கிறார்,
கோணல் பின், மங்கிய படங்கள்,
தபால்தலை சொந்தக் காசில்.
முகவரிச் சுருளை அவர் கேட்டபோது
எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேற்று சுல்மீரா மறுபடி அழைத்தாள்.
மருமகன் வாங்கித் தந்த பலகையில்
பக்கம் இருட்டிவிடுகிறதாம்,
கை இரண்டும் மாவுக்குள் இருக்கும்போது.
"காகிதம் இப்படிக் கண்ணை மூடாது."
"மூக்கால் தொட்டுப் பாருங்கள்" என்றேன்.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஏதோ ஒன்று மேசையில் நகர்ந்தது.
பிறகு, "வந்துவிட்டது" என்றாள்,
"மூன்று கரண்டி,
நல்லவேளை."